"நாங்கள் கேட்கப் போவதில்லை" என்பது ஆதரவு ஆகாது: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நம் ஒர்க்‌ஷாப்பின் பாடி பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிங்கரிங்கில் உதவியாளாகச் சேர்ந்தேன், பிறகு பெயின்டிங் கற்றேன், இப்போது அந்தப் பிரிவின் ஃபோர்மேன். நிறுவனத்தின் ஆதரவோடு, உரிமையாளரின் விருப்பப்படி காரை மாற்றிச் செய்து தரும் ஒரு கஸ்டம் கார் பட்டறை தொடங்க வேண்டும் என்று நானும் என்னோடு வேலை செய்யும் இருவரும் உங்களை இரண்டு முறை நேரில் கேட்டிருக்கிறோம். முதல் முறை "பார்க்கலாம்" என்றீர்கள். இரண்டாம் முறை, "வேலை நேரம் முடிந்த பிறகு நீங்கள் என்ன செய்தாலும் நாங்கள் கேட்கப் போவதில்லை, சாவியும் உங்களிடம்தானே இருக்கிறது" என்றீர்கள். எங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு: இதே கேள்வியைக் கேட்டுவிட்டு இதே பதிலோடு நிற்கிறவர்கள் வேறு பட்டறைகளிலும் இருக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல், ஜாப் கார்டு என்ற வேலைப் பதிவுத் தாள் போடாமல், ஒரு காரின் பின்பக்கத்தை அறுத்து வெல்டிங் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை சுத்தமாக வருகிறது. உரிமையாளர் மகிழ்ச்சியோடு ஓட்டிப் போகிறார். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கார் விபத்தில் சிக்குகிறது. யார் செய்த வெல்டிங், எந்தக் கம்பி, எந்த அளவு கரண்ட், செய்த பிறகு யார் பார்த்தார்கள் என்று எதற்கும் தாள் இல்லை. நாங்கள் மூன்று பேரும் நல்லவர்கள் என்பது மட்டும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் முன்னால் போய் நிற்க முடியாது. அதனால் நாங்கள் உங்களிடம் முதலில் கேட்பது பணம் இல்லை, இடமும் இல்லை. கேட்பது கையெழுத்து.

கஸ்டம் வேலை என்றதும் பலருக்கு நினைவு வருவது சத்தமான சைலன்சரும் தரையைத் தொடும் பம்பரும்தான். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது பாடி பிரிவில் நிற்கிற எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கேயோ அரைகுறையாகச் செய்த வேலை கடைசியில் எங்கள் லிஃப்டில்தான் ஏறுகிறது.

காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு வருகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வேலை செய்கிற ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால், மிச்சம் உள்ளது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடும். கார் தாழ்கிறது, சஸ்பென்ஷன் இறங்கி ஏற இருந்த இடமும் குறைகிறது. பள்ளத்தில் விழுந்தால் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நழுவும். கேஸ் கட்டிங் தீயில் வெட்டியிருந்தால் இன்னும் மோசம், சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது. ஹெட்லைட்டில் 55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் போடுகிறார்கள். ஒரு பல்பு இழுக்கும் கரண்ட் நாலரை ஆம்பியரிலிருந்து எட்டைத் தாண்டுகிறது. கூடுதல் கரண்டைச் சுமக்கும் ரிலே வைக்கவில்லை, வயரும் பழையதுதான். சுவிட்ச் உருகிய பிறகு நம்மிடம் வருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு சீட் கவர். பார்க்க அத்தனை அழகு, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தக் காரில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது வெடித்து வெளியே வருவதற்கென்று தயாரிப்பாளர்கள் ஓரத்தில் ஒரு தையலை வேண்டுமென்றே பலவீனமான நூலில் போடுவார்கள். புதிய கவர் அந்த ஓரத்தை மூடி, கெட்டி நூலில் இறுகத் தைத்திருந்தது. தைத்தவர் கைதேர்ந்தவர், கெட்ட எண்ணம் இல்லாதவர். அந்தச் சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ஓரத்தைப் பிளேடால் பிரித்தபோது உரிமையாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருடைய மகள் தினமும் உட்காரும் சீட் அது.

அந்தத் தையல்காரரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. வயரிங் வரைபடம், எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும் என்ற அட்டவணை, சேசிஸ் அளவு பார்க்கும் பெஞ்ச், சக்கரக் கோணம் பார்க்கும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. எந்த இரும்பைத் தொடக் கூடாது என்ற விவரமும் இருக்கிறது. இன்றைய கார்களில் முன், பின் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணைப் பெரும்பாலும் சூடாக்கி அச்சில் அழுத்திய போரான் எஃகில் செய்கிறார்கள். அதன் பலம் 1500 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், சாதாரணத் தகட்டைப்போலப் பல மடங்கு. அதில் தீ வைத்தால் அந்தப் பலம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன் பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள காரைத் தாழ்த்தினால் ரேடார் பார்க்கும் கோணம் மாறும். அந்தப் பம்பரில் உலோகத் துகள் கலந்த பெயின்டைக் கனமாகப் பூசினால் அதன் பார்வை மங்கும். அளவுபலகையை முன்னால் வைத்து ரேடாரை மறுபடி சரிசெய்ய வேண்டும். அந்த அளவுபலகை நம்மிடம் கார் நிறுத்தி வேலை செய்யும் மூன்றாவது இடத்தில் இருக்கிறது, பெரும்பாலான நாள் சுவரில் சாய்ந்தபடி.

பெயின்ட் பூத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் நுரையீரல் சமாச்சாரம். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் 2கே க்ளியர் கோட் மேல்பூச்சில், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், வாழ்நாள் முழுக்க. சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். நம் பூத்தில் அது இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பெயின்ட் அடிப்பவர்களிடம் இல்லை. எங்களோடு வேலை கற்ற ஒருவர் அப்படிக் கொட்டகை போட்டவர்தான். இப்போது அவரால் இந்தத் தொழிலையே செய்ய முடியவில்லை. நம் இடத்தில் இருந்திருந்தால் இன்றும் என் பக்கத்தில் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கி பிடித்து நின்றிருப்பார் என்று பூத்துக்குள் நுழையும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

"கார் விற்கிற, பழுது பார்க்கிற நிறுவனத்துக்கு இது எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

பின்னாளில் புகழ்பெற்ற கார் வடிவமைப்பாளரான ஹார்லி ஏர்லின் தந்தை லாஸ் ஏஞ்சலஸில் முதலில் குதிரை வண்டியும் பிறகு கார் பாடியும் கட்டிக்கொண்டிருந்தவர். 1919-இல் அந்தப் பட்டறையை டான் லீ வாங்கினார். டான் லீ யார்? கலிஃபோர்னியாவில் கெடிலாக் கார்களை விற்றவர், நம்மைப் போன்ற ஒரு விற்பனையாளர். வாங்கியவர் பட்டறையை மூடவில்லை. ஹார்லியையே பொறுப்பில் வைத்து, கஸ்டம் பாடிகளைக் கட்டச் சொன்னார். திரைப்பட நடிகர்கள் வந்து தங்களுக்கென்று கார் செய்துகொண்டு போனார்கள். கெடிலாக்கின் பொது மேலாளர் லாரன்ஸ் ஃபிஷர் அங்கே வந்தபோது, ஹார்லி களிமண்ணில் முழுக் காரையும் ஒரே உருவமாகப் பிசைந்து வடிவம் பார்ப்பதைக் கண்டார். அந்தச் சந்திப்பிலிருந்து 1927-இன் லசால் கார் பிறந்தது. அதே ஆண்டு கெடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கென்று வடிவமைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி அதை ஹார்லியின் கையில் ஒப்படைத்தது. 1938-இன் ப்யூக் ஒய்-ஜாப், 1953-இன் கார்வெட் எல்லாம் அவர் தலைமையில் வந்தவை. கார் கம்பெனிகள் களிமண் மாதிரி செய்வது இன்றும் நிற்கவில்லை. இவ்வளவுக்கும் தொடக்கத்தில் இருந்தது, ஒரு விற்பனையாளர் தன் கூரையின் கீழ் ஒரு கைவினைஞனுக்குக் கொடுத்த பொறுப்பு. இடம் கொடுத்தார் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பட்டறை அவர் பெயரில் நடந்தது.

எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் இருவரும் 1960-களில், மெர்சிடிஸ் கார்களைச் செய்த டைம்லர்-பென்ஸின் மேம்பாட்டுப் பிரிவில் 300 எஸ்இ காருக்கான பந்தய எஞ்சினில் வேலை செய்தவர்கள். நிறுவனம் பந்தய வேலையை நிறுத்திவிட்டது. இருவரும் விடவில்லை. வேலை முடிந்த நேரத்தில் கிராஸ்ஆஸ்பாக்கில் ஆஃப்ரெக்ட்டின் வீட்டில் அந்த எஞ்சினைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். 1965-இல் அவர்களுடைய சக ஊழியர் மான்ஃப்ரெட் ஷீக் அந்த எஞ்சினோடு ஜெர்மானிய டூரிங் கார் போட்டியில் பத்து வெற்றி பெற்றார். 1967-இல் இருவரும் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் ஏஎம்ஜி: ஆஃப்ரெக்ட், மெல்ஷர், கிராஸ்ஆஸ்பாக். 1990-இல் டைம்லர்-பென்ஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 1999-இல், டைம்லர்கிரைஸ்லர் என்று மாறியிருந்த அந்த நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2005-இல் முழுவதையும் வாங்கியது. ஒருகாலத்தில் தன் சம்பளப் பட்டியலில் இருந்த இருவரின் வேலையை, ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, முழு விலை கொடுத்து எடுத்துக்கொண்டது. நாங்கள் ஆஃப்ரெக்ட் ஆகிவிடுவோம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக் கொட்டகையில் மாலை நேரத்தில் நடக்கிற வேலையும் நிறுவனத்தின் வேலையாக இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நாங்கள் கேட்பதற்கு மிக நெருக்கமான உதாரணம் இந்த இரண்டும் அல்ல. பர்கார்ட் போவன்சீபன் என்ற இளைஞர் பிஎம்டபிள்யூ 1500 காருக்கு எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை வெபர் கார்புரேட்டர் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அவர் பிஎம்டபிள்யூவின் ஊழியர் இல்லை, வெளியாள். ஆனால் 1964-இல் பிஎம்டபிள்யூ ஒரு முடிவெடுத்தது: அவருடைய அமைப்பைப் பொருத்திய காருக்கும் கம்பெனி வாரண்டி முழுமையாகச் செல்லும். அடுத்த ஆண்டு எட்டுப் பேரோடு அல்பினா தொடங்கியது. பிஎம்டபிள்யூ அவருக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்ததா, கடன் கொடுத்ததா என்பதல்ல இங்கே விஷயம். ஒரு கையெழுத்து விழுந்தது. கார் வாங்குகிறவரின் பயம் போனது. கஸ்டம் பட்டறையின் வாசலில் தயங்கி நிற்கிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "வாரண்டி போய்விடுமா?" என்றுதான். அந்தக் கேள்விக்குச் சொந்தக் கொட்டகைக்காரர் பதில் சொல்லவே முடியாது. நீங்கள் சொல்லலாம்.

கையெழுத்துக் கேட்கிறவன் தனக்கும் கட்டுப்பாடு கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பந்தய வீரர் பீட்டர் ப்ராக் 1980-இல் ஹோல்டன் கார் கம்பெனியின் விற்பனையாளர்களின் ஆதரவோடு எச்டிடி (ஹோல்டன் டீலர் டீம்) என்ற பெயரில் சிறப்புக் கார்கள் செய்யத் தொடங்கினார். கம்பெனியும் அவரோடு நின்றது, கார்கள் நன்றாகவே விற்றன. பிறகு அவர், படிகமும் காந்தமும் கொண்டு காரை நன்றாக ஓடச் செய்யும் என்று தானே சொன்ன எனர்ஜி போலரைசர் என்ற கருவி ஒன்றைக் கார்களில் வைத்தார். டைரக்டர் என்ற புதிய மாடலைக் கம்பெனி தன் பரிசோதனைக்குக் கேட்டது. அது நடப்பதற்கு முன்பே அவர் அதை வெளியிட்டார். 1987 பிப்ரவரியில் ஹோல்டன் உறவை முறித்தது. ஏழு ஆண்டு உழைப்பு ஒரே மாதத்தில் தடம் புரண்டது. அவருடைய திறமைமேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் பரிசோதனைக்குக் கேட்டால் காரைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: உங்கள் தரப் பரிசோதகர் பார்த்துக் கையொப்பம் இடாத எந்தக் காரும் வாசலைத் தாண்டாது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நாங்கள் மல்லுக்கட்ட மாட்டோம்.

இனி எங்கள் கோரிக்கை. பின்பக்கம், கார் நிறுத்தி வேலை செய்யும் கடைசி இடம் ஒன்று. நாங்கள் மூன்று பேர், வாரத்தில் இரண்டு முழு நாள், உங்கள் சம்பளத்தில், பகல் வெளிச்சத்தில். ஓராண்டு. இந்தப் பட்டறைக்குத் தனிக் கணக்கு, மாதாமாதம் உங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொரு காருக்கும் ஜாப் கார்டும் வரைபடமும் உரிமையாளரின் கையொப்பமும் இருக்கும். வேலை நடுவில் அவர் மனம் மாறினால், மாறியதற்கும் தனித்தாள். உரிய அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டிய மாற்றமென்றால், அது கையில் வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவோம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்த கடிதத்தின் நகலும் கோப்பில் இருக்க வேண்டும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்ட மாட்டோம், புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்ற மாட்டோம், ஏர்பேக் வழியில் எதையும் வைக்க மாட்டோம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கஸ்டம் பட்டறைகள் பெரும்பாலும் திறமைக் குறைவால் மூழ்குவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு பாதியில் நிற்கிற காரால்தான் மூழ்குகின்றன. பாகம் வரவில்லை, உரிமையாளரின் பணமும் வரவில்லை, பிரித்த கார் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதற்குள் எடுத்த அடுத்த காரின் முன்பணத்தை முந்தைய காரின் பாகத்துக்குச் செலவழிப்பார்கள். அங்கிருந்து மீள முடியாது. அதனால் எல்லாப் பாகமும் அலமாரியில் வந்து சேராமல் ஒரு காரையும் பிரிக்கக் கூடாது, முன்பணத்தை வேறு காருக்குத் தொடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு காருக்கு மேல் எடுக்க மாட்டோம். நேரக் கணக்கில் நாங்கள் நிச்சயம் தவறுவோம். இதுவரை செய்யாத வேலைக்கு நேரம் சொல்வது அப்படித்தான். முதல் ஆறு மாதம் நாங்கள் சொன்ன மணி நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உங்களிடம் கொடுப்போம். ஆண்டு முடிவில் கணக்கு தேறவில்லை என்றால் அந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறோம்.

வழக்கமான சர்வீஸ் கார்கள் தாமதமாகும் என்று நம் சர்வீஸ் மேலாளர் அஞ்சுகிறார். அவர் அஞ்ச வேண்டியவர்தான், மாலையில் வாடிக்கையாளரின் முகத்தில் விழிப்பவர் அவர். அதனால் எந்த இரண்டு நாள் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இன்னொரு அச்சத்தை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை: இவர்கள் நம்மிடம் கற்றுக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். போகக்கூடும். ஆனால் இப்போது ஏன் போகிறார்கள் என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் நம்மை விட்டுப் போன மூன்று டிங்கர்களும் கை நன்றாக வந்தவர்கள். தகட்டைத் தட்டித் தட்டி ஒரு வளைவைக் கொண்டுவரும் கை அது. இன்று நம்மிடம் அந்தக் கைக்கு வேலை இல்லை. ஒடுங்கிய ஃபெண்டரைக் கழற்றுகிறோம், பெட்டியிலிருந்து புதியதை எடுத்து மாட்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம். அதுவும் மரியாதையான வேலைதான், அதில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. ஆனால் விற்பனையில் இல்லாத ஒரு பழைய காரின் ஃபெண்டரைத் தட்டையான தகட்டிலிருந்து எழுப்பி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, எங்கே பழையது முடிந்து எங்கே புதியது தொடங்குகிறது என்று எனக்கே தெரியாமல் போன ஒரு மாலை என் வாழ்க்கையில் உண்டு. அந்த மாலைக்காகத்தான் இத்தொழிலில் இருக்கிறேன் என்று அன்று புரிந்தது. அதைக் கற்றுத் தர எனக்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. என் தோள் இப்போதே சொல்கிறது.

கடைசியாக ஒருவரைப் பற்றி. நம்மிடம் பத்து ஆண்டுகளுக்கு மேல் கார் விடுகிறவர், விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அவருடைய கார் ஆட்டோமேட்டிக். பிரேக்குக்கு இடப்பக்கம் ஒரு ஆக்சிலரேட்டர் பெடலும், பழைய பெடலைத் தெரியாமல் மிதிக்காதபடி ஒரு மறைப்புத் தகடும் வைத்தால் அவரால் ஓட்ட முடியும். வேறு யாராவது ஓட்ட வேண்டுமென்றால் புதிய பெடலைக் கழற்றி எடுத்துவிடலாம். செய்யத் தெரிந்த வேலை, அதற்கென்றே தயாரித்த பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் அது கஸ்டம் வேலை. நம் ஜாப் கார்டில் அதற்குக் கட்டம் இல்லை. மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். இரவில் வாருங்கள், சத்தமில்லாமல் செய்து தருகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு பெடலைத் தாளில்லாமல், பரிசோதனையில்லாமல் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

அவருடைய எண்ணைக் குறித்த தாள் என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒப்பந்தத்தின் வரைவை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன், நான்கு பக்கம்தான். அடுத்த மாத நிர்வாகக் கூட்டத்தில் அதை எடுத்துப் பேசுங்கள். எங்கள் மூவரையும் கூப்பிட்டால் வருகிறோம். ஒப்புக்கொண்டால் நான் முதலில் போன் செய்வது அவருக்குத்தான்.

நன்றியுடன்,
பாடி பிரிவு ஃபோர்மேன்,
உடன் கையொப்பமிடும் இருவரின் சார்பிலும்